பத்தொன்பதாவது கட்டம்

அலோய்ஸ் நவ்ராட்டிலுக்குக் கோபம் வராது. வேறு ஊராக இருந்தால் தங்கமான மனிதர் என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். வியன்னாவில், அதுவும் காப்பிக்கடை சர்வராக இருந்துகொண்டு கோபம் வராமல் இருப்பது தொழிலுக்கு ஆகாத குறை. தண்ணீரைக் கண்டால் நடுங்குகிற படகோட்டியை யார் வேலைக்கு வைத்துக்கொள்வார்கள்?

இந்தக் குறை பதினேழு வருஷமாக வெளியே தெரியாமல் இருந்ததற்குக் காரணம் ஓட்டோகார். யோசெஃப்ஸ்டாட் பகுதியில் டிராம் திரும்புகிற முனையில் இருக்கும் கஃபே வொண்ட்ராக்கில் ஜன்னலோர மேசைகள் எல்லாம் ஓட்டோகாருடைய ஆட்சியில் இருந்தன. வெளியூர்க்காரர்கள் அங்கேதான் உட்காருவார்கள். யாராவது விவரம் தெரியாமல் "ஒரு காப்பி" என்று கேட்டுவிட்டால், ஓட்டோகார் கண்ணை மூடிக்கொண்டு, செத்துப்போன சொந்தக்காரர்களை எல்லாம் ஒவ்வொருவராக நினைத்துப் பார்க்கிறவர் மாதிரி நிற்பார்.

"காப்பின்னா? இது காப்பிக்கடை. இங்க எல்லாமே காப்பிதான். மெலாஞ்சா, பிரவுனரா, ஐன்ஷ்பேனரா? யோசிச்சு வைங்க, வரேன்."

வரமாட்டார். அந்த வெளியூர்க்காரர்களுக்குப் புல்லரித்துப்போகும். ஊருக்குப் போய்ச் சொல்லிச் சொல்லி மகிழ்வார்கள். நவ்ராட்டில் உள்பக்க மேசைகளில், செய்தித்தாளுக்குப் பின்னால் மறைந்திருக்கும் உள்ளூர்க்காரர்களுக்குச் சத்தமில்லாமல் பரிமாறிக்கொண்டு, யாருடைய முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று விசாரித்துக்கொண்டு நிம்மதியாக இருந்தார்.

வசந்த காலத்தில் ஓட்டோகார் ஓய்வு பெற்றார். போகும்போது தன் கோபத்தையும் கூடவே எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஜூன் மாதம், காப்பிக்கடைகளின் மரபைக் கண்காணிக்கிற வாரியத்திலிருந்து கடிதம் வந்தது.

"தலைமை சர்வரே, இங்க கொஞ்சம் வாங்க" என்று கூப்பிட்டாள் ஹெர்மினே வொண்ட்ராக்.

கடையில் இப்போது இருக்கிற ஒரே சர்வர் நவ்ராட்டில்தான். ஆனாலும் தலைமை சர்வர் என்றுதான் கூப்பிட வேண்டும். வியன்னாவில் யாரையும் அவர் நிற்கிற படியில் வைத்துக் கூப்பிடுவது கிடையாது. ஒரு படியாவது ஏற்றித்தான். காப்பிக்கடை வாசலைத் தாண்டியதும் குமாஸ்தா டாக்டர் ஆகிவிடுவார், டாக்டர் பேராசிரியர் ஆகிவிடுவார், பேராசிரியர் அரசவை ஆலோசகர் ஆகிவிடுவார். அரசவை என்று ஒன்று ஒழிந்து நூறு வருஷத்துக்கு மேலாகிறது. ஆலோசகர்கள் மட்டும் குறையவே இல்லை.

"சொல்லுங்க, முதலாளியம்மா."

ஹெர்மினேவுக்கு ஐம்பத்து நான்கு வயது. கணவர் காலமாகி ஒன்பது வருஷமாகிறது. தினமும் காலை ஏழு மணிக்கு, கதவு திறப்பதற்கு முன்னால், கல்லா மேசைக்கு அந்தப் பக்கம் அவளும் இந்தப் பக்கம் அவரும் நின்றபடியே ஆளுக்கொரு காப்பி குடிப்பார்கள். மழை வருமா என்று பேசுவார்கள். ஒன்பது வருஷமாக நவ்ராட்டில் வேறொன்று சொல்ல நினைத்து, கடைசி மடக்கில் மழையைப் பற்றியே சொல்லிக்கொண்டிருந்தார்.

அவள் கடிதத்தைப் படித்தாள். ஆர்ஹூஸ் நகரத்துப் பல் டாக்டர் ஒருவர் விடுமுறைக்கு வந்துபோய்ப் புகார் எழுதியிருக்கிறார். கையில் வாரியம் அச்சிட்ட 'ஐந்தே நாளில் வியன்னாவைத் தின்று தீர்ப்பது எப்படி' என்ற கையேடு. அதில் இருபத்து நான்கு கட்டங்கள். தட்டைவிடப் பெரிய இறைச்சி வறுவல், தெருமுனையில் நின்றபடி சாசேஜ், முள்ளங்கி துருவலோடு வேகவைத்த மாட்டிறைச்சி, மலையடிவாரத்துப் புது வைன் என்று ஒவ்வொன்றாகச் சாப்பிட்டு முத்திரை வாங்க வேண்டும். பத்தொன்பதாவது கட்டம்: காப்பிக்கடை சர்வரிடம் திட்டு வாங்குதல்.

"'மேற்படி சர்வர் எங்களைப் பார்த்துச் சிரித்தார். கால் வலிக்கிறதா என்று கேட்டார். என் மனைவியின் முதுகுக்குத் தலையணை கொண்டுவந்து வைத்தார். நாங்கள் மிகுந்த ஏமாற்றத்துடன் ஊர் திரும்பினோம்'" என்று படித்து முடித்து, ஹெர்மினே கண்ணாடியைக் கழற்றினாள். "தலையணை வேறயா?"

"அந்தம்மா ரொம்ப நேரம் நடந்திருக்காங்க, முதலாளியம்மா."

"மூணு வாரத்துல உங்களுக்குப் பரீட்சையாம், அதுக்கு முன்னாடி வாரியத்துல பயிற்சியாம். தேறலேன்னா வாசல்ல இருக்கற மரபுப் பலகைய கழட்டிடுவாங்க. கையேட்டுலேர்ந்து நம்ம பேரத் தூக்கிடுவாங்க. வெளியூர்க்காரங்க வரலேன்னா, உள்பக்கம் ஒரே காப்பிய வச்சுக்கிட்டு மூணு பேப்பர் படிக்கிறாங்களே நாலு பேரு, அவங்கள நம்பி நான் கடை நடத்த முடியுமா? செல்போன் உறை விக்கிறவர் இடத்தக் கேட்டுக்கிட்டே இருக்காரு. செப்டம்பர்ல குடுத்துட்டு நான் கிளாகன்ஃபுர்ட்டுக்கு, அக்கா வீட்டுக்குப் போயிடுவேன்."

நவ்ராட்டில் வாயைத் திறந்தார். "இன்னிக்கு மழை வரும்போல இருக்கு" என்றார்.

*

வியன்னா காப்பிக்கடை சிடுசிடுப்புப் பேணல் வாரியத்தின் அலுவலகத்தில் அவரைத் தேனொழுகப் பேசி வரவேற்றார்கள். கதவைத் திறந்துவிட்ட பெண் மேலங்கியை வாங்கி மாட்டினாள். இன்னொருத்தி பிஸ்கட் கொடுத்தாள். நவ்ராட்டில் திகைத்து நிற்பதைப் பார்த்து அவளே விளக்கினாள்.

"உரிமம் இல்லாம சிடுசிடுக்கறது குற்றங்க. எங்க யாருக்கும் உரிமம் கிடையாது. அதனால நாங்க எல்லாரும் அன்பாத்தான் இருந்தாகணும்." சொல்லும்போது அவளுடைய இடது கண் மட்டும் லேசாகத் துடித்தது.

உள்ளே பெரிய மேசை. அதன்மேல் ஒரு பெயர்ப்பலகை. முதல் வரியில் அரசவை ஆலோசகர். இரண்டாவது வரியில் பேராசிரியர். மூன்றாவதில் டாக்டர். நான்காவதில் முதுநிலைத் தலைமை ஆய்வாளர். இவை எல்லாவற்றுக்கும் அடியில், இடம் போதாமல் சின்ன எழுத்தில், எகோன் பிர்க்னர்.

"உக்காருங்க தலைமை சர்வரே" என்றார் பிர்க்னர். ஒல்லியான மனிதர். கன்னம் ஒட்டிக் கிடந்தது. "போன வருஷம் இந்த ஊருக்கு வந்தவங்க கிட்ட எது ரொம்ப பிடிச்சதுன்னு கேட்டோம். வறுவலுக்கு மூணாவது எடம். கேக்குக்கு ரெண்டாவது எடம். மொத எடம் எதுக்குன்னு நெனைக்கறீங்க?"

"காப்பிக்கா, அரசவை ஆலோசகர் ஐயா?"

"'எங்கள ஒருத்தரும் மனுஷங்களாவே மதிக்கல' அப்படீங்கறதுக்கு!" பிர்க்னர் பெருமிதத்தோடு நாற்காலியில் சாய்ந்தார். "அவங்க ஊர்ல அவங்கள எல்லாரும் சிரிச்சு சிரிச்சு ஏமாத்தறாங்க. இங்க வந்தாத்தான் உண்மையான அலட்சியம் கெடைக்குது. முன்னாடியெல்லாம் நம்ம சர்வருங்க தானாவே சிடுசிடுன்னு இருந்தாங்க. நல்லதுதான். ஆனா அதுல ஒரு ஆபத்து பாருங்க. ஒரு நாள் கோவம் வரும், ஒரு நாள் வராது. ஒருத்தருக்கு மழைன்னா வரும், ஒருத்தருக்கு மாமியார்னா வரும். தரம் சீரா இல்ல. வாரியம் வந்த பெறகுதான் ஒழுங்குபடுத்தினோம். இப்ப மனசுல துளி கோவம் இல்லாதவன்கூட விதிப்படி எரிஞ்சு விழலாம். அதத்தான் நாங்க மரபுங்கறோம்."

"ஓட்டோகார் அண்ணனுக்கு அப்படி ஒண்ணும்..."

"ஓட்டோகார்!" பிர்க்னர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "அவருக்கு விருது குடுக்கறதா கூப்பிட்டோம். வரல. எங்களத் திட்டி ரெண்டு பக்கம் எழுதி அனுப்பினார். அதோ, சட்டம் போட்டு மாட்டியிருக்கோம்."

சுவரில் அந்தக் கடிதம் தொங்கியது. அதற்குக் கீழே யாரோ பூ வைத்திருந்தார்கள்.

மூன்று நாள் பயிற்சி கொடுத்தார்கள். பெருமூச்சு விடுவதில் ஐந்து தரம் உண்டு என்பதை நவ்ராட்டில் அங்கேதான் தெரிந்துகொண்டார். மூன்றாவது தரப் பெருமூச்சை விருந்தாளியின் தலைக்கு மேலேதான் விட வேண்டும். முகத்தில் படக்கூடாது, அது சுகாதார விதி. புருவம் உயர்த்துதல், வலது முன், இடது பின். தட்டை வைக்கும்போது சத்தம் வர வேண்டும், ஆனால் உடையக்கூடாது. விருந்தாளி உட்கார்ந்ததிலிருந்து பதினோரு நிமிஷம் அவர் பக்கமே திரும்பக்கூடாது. பத்து நிமிஷமானால் அலட்சியம் போதாது. பன்னிரண்டானால் அவர் எழுந்து போய்விடுவார்.

கடைசி நாள் நாற்காலியில் ஒரு துணிப்பொம்மையை உட்கார வைத்து, "இவர்தான் விருந்தாளி, எரிஞ்சு விழுங்க" என்றார்கள். நவ்ராட்டில் மூச்சைப் பிடித்துக்கொண்டு, முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு நெருங்கினார். பொம்மையின் சட்டைக் காலரில் தூசி இருந்தது. தட்டிவிட்டார். ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்ததை நிமிர்த்தி உட்கார வைத்தார்.

பயிற்சி அறிக்கையில் ஒரே வரிதான் எழுதியிருந்தார்கள்: 'பொம்மையிடம் மன்னிப்புக் கேட்டார்.'

*

பரீட்சை ஒரு சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு. பிர்க்னர் மூலை மேசையில் கைக்கடிகாரத்தையும் ஏழு பிரதி படிவத்தையும் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தார். ஜன்னலோரத்தில் பரீட்சைக்கென்று வாரியம் அழைத்துவந்த விருந்தாளிகள். கெண்ட் நகரத்திலிருந்து விடுமுறைக்கு வந்த லீவன், அவர் மனைவி மரைக்கே. கையேட்டில் பதினெட்டு முத்திரை விழுந்திருந்தது. லீவனின் இடுப்பு வார் கடைசி ஓட்டையில் நின்றது.

"இன்னும் ஆறே கட்டந்தாங்க. கொஞ்சம் தாங்குங்க" என்றாள் மரைக்கே.

"நான் தாங்குவேன்டி. வயிறு தாங்கணுமே? நேத்து மத்தியானம் அந்த வறுவலு. தட்டு எங்க இருக்குன்னே தெரியல, மேசைத் துணிய வறுத்துட்டாங்களோன்னு பாத்தேன். சாயங்காலம் நின்னுக்கிட்டே சாசேஜ், கடிச்சா உள்ளேர்ந்து பாலாடைக்கட்டி பீச்சியடிக்குது. அதுக்கு மேல வைனு. இன்னிக்குக் காலைல முட்டை முட்டையா ஊத்தி ஒரு இனிப்பு தோசை, பிச்சுப் போட்டு, பிளம் பழப் பாகோட. ஒரு மனுஷன் எவ்வளவுதான்..."

"அடுத்த கட்டத்துல ஒண்ணும் திங்க வேண்டாம். திட்டு மட்டுந்தான்."

"அப்பாடா. அது செரிமானமாயிடும்."

நவ்ராட்டில் அவர்களுக்கு முதுகைக் காட்டி நின்று ஒரு கரண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். கல்லாவிலிருந்து ஹெர்மினே அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். 'பதினோரு நிமிஷம், சாமி, பதினோரே நிமிஷம்' என்று அவளுடைய உதடுகள் அசைந்தன. முதல் நிமிஷம் போனது. இரண்டாவது போனது. மூன்றாவது நிமிஷத்தில் எதிர்ச் சுவர்க் கண்ணாடியில் லீவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிவது தெரிந்தது. நவ்ராட்டில் கண்ணை மூடிக்கொண்டார். ஓட்டோகாரை நினைத்துக்கொண்டார். கரண்டி பளபளத்தது.

நான்கு நிமிஷம் இருபது விநாடியில் அவர் திரும்பிவிட்டார். விதிப்படி வெடுக்கென்று கேட்க வேண்டிய வார்த்தையை ஆரம்பித்தும் விட்டார்.

"என்ன வேணும்?" குரல் உண்மையிலேயே கடுமையாக வந்தது. ஹெர்மினே நிமிர்ந்தாள். "வலி எங்க, மேலயா, கீழயா?"

அடுத்த நிமிஷம் புதினா இலை போட்ட வெந்நீர் வந்தது. இடுப்பு வாரைத் தளர்த்திக்கொள்ளச் சொன்னார். தலையணையும் வந்தது.

மரைக்கே பதறிப்போனாள். "ஐயா, திட்டணும்! எங்களுக்கு முத்திரை வேணும்! தயவுசெஞ்சு ஒரே ஒரு வார்த்த!"

நவ்ராட்டிலின் முகம் சிவந்தது. அவர் முயற்சி செய்யவில்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. "நீங்க... நீங்க ரெண்டு பேரும்..." என்று தொடங்கி, நெற்றி வேர்க்க, உள்ளுக்குள் தேடித் தேடிப் பார்த்தார். "ரொம்பக் களைச்சுப் போயிருக்கீங்க" என்று முடித்தார்.

மூலையில் பேனா கீறும் சத்தம் கேட்டது. முதல் பிரதியில் 'தேறவில்லை.' ஹெர்மினே கல்லாவைத் துணியால் துடைக்கத் தொடங்கினாள். சுத்தமாக இருந்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தாள். நவ்ராட்டில் அவளிடம் போனார்.

"என்னால முடியல, முதலாளியம்மா."

"தெரியும்" என்றாள் அவள், துணியிலிருந்து கண்ணை எடுக்காமல். "உங்களால முடிஞ்சிருந்தா, நான் இத்தன வருஷமா காலைல ஏழு மணிக்கு மாடிலேர்ந்து எறங்கி வந்திருக்க மாட்டேன்."

அதற்கு என்ன அர்த்தம் என்று அவர் யோசிக்க ஆரம்பிப்பதற்குள் மூலையிலிருந்து ஒரு சத்தம். பிர்க்னரின் வயிறுதான். கடை முழுக்கக் கேட்டது.

"மன்னிக்கணும்" என்றார் பிர்க்னர், நான்காவது பிரதியைப் பூர்த்தி செய்துகொண்டே. "காலைலேர்ந்து ஒன்பது கடை ஆய்வு. எல்லாக் கடையிலயும் விதிப்படி பதினோரு நிமிஷம் என்னைக் கண்டுக்கல. அருமையான ஆளுங்க. பன்னெண்டாவது நிமிஷம் நான் அடுத்த கடைல இருந்தாகணும்."

"அப்ப எங்கதான் சாப்பிடுவீங்க?" என்று கேட்டார் நவ்ராட்டில்.

"சாப்பாடு எங்க துறை இல்ல."

நவ்ராட்டில் சமையற்கட்டுக்குள் போனார். ஆவி பறக்கிற ஈரல் உருண்டை சூப்போடு வெளியே வந்தார். பரீட்சை முடிந்துவிட்டது, கடை போய்விட்டது, அதற்கும் பசிக்கும் என்ன சம்பந்தம்? படிவங்களை ஓரமாகத் தள்ளி, கிண்ணத்தை வைத்தார். அந்த ஒட்டிய கன்னத்தைப் பார்த்தார். பாவம், இந்த மனிதரைப் பார்க்கிறவர்கள் எல்லாம் பட்டத்தைத்தான் பார்க்கிறார்கள் என்று தோன்றியது. தோளில் மெல்லக் கை வைத்து, தன்னால் முடிந்த அத்தனை அன்போடும் சொன்னார்:

"மிஸ்டர் பிர்க்னர், மொதல்ல சாப்பிடுங்க."

கடை உறைந்துபோனது. உள்பக்கத்தில் நான்கு செய்தித்தாள்கள் ஒரே நேரத்தில் தாழ்ந்தன. யாரோ ஒருவருடைய கரண்டி தரையில் விழுந்து, உருண்டு, மேசைக்கடியில் போய் நின்றது. ஹெர்மினே துணியோடு கையை வாயில் வைத்தாள்.

பிர்க்னரின் முகம் வெளுத்தது. பிறகு சிவந்தது.

"என்ன... என்னன்னு கூப்பிட்டீங்க?"

"பிர்க்னர்தானே உங்க பேரு? பெயர்ப்பலகைல போட்டிருந்துதே."

"அதுக்கு மேல நாலு வரி போட்டிருந்துதே!"

"அதெல்லாம் சொல்லி முடிக்கறதுக்குள்ள சூப்பு ஆறிடுமே."

உள்பக்கத்தில் ஒருவர், "கடவுளே" என்றார்.

பிர்க்னர் எழுந்தார். மேசையைப் பிடித்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தார். "முப்பத்தொரு வருஷம்" என்றார். "முப்பத்தொரு வருஷமா இந்த ஊர்ல இருக்கற அத்தன கடையிலயும் திட்டு வாங்கியிருக்கேன். மடியில கொதிக்கக் கொதிக்க பால ஊத்தியிருக்காங்க. ஓட்டோகார் என் தொப்பிய ஒரு நாய்க்குக் குடுத்தார். அப்பக்கூட, 'அரசவை ஆலோசகர் ஐயா, தங்கள் தொப்பி நாயிடம் இருக்கிறது'ன்னுதான் சொன்னார். என் மாமியா என்னை அரசவை ஆலோசகர்னுதான் கூப்பிடுவாங்க. என் சம்சாரம், நான் கொறட்ட விட்டாக்கூட, 'பேராசிரியரே, பொரண்டு படுங்க'ம்பா. ஒருத்தர், ஒரே ஒருத்தர்கூட, இதுவரைக்கும் என்னை இவ்வளவு கேவலமா..."

ஏழு பிரதிகளையும் எடுத்துக் கிழித்தார். பையிலிருந்து புதிதாக ஒரு படிவம், பொன்நிற ஓரம் போட்டது, வெளியே வந்தது. அதில் யாரும் எழுதி அதுவரை யாரும் பார்த்ததில்லை. 'சிறப்பு நிலை' என்று எழுதினார். அடியில், 'கூச்சலில்லை, முகச்சுளிப்பில்லை, ஒரே சொல்லில் ஆளை அழித்துவிடுகிறார்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"எங்க முத்திரை?" என்று மரைக்கே மெல்லக் கேட்டாள். "எங்கள அவர் திட்டவே இல்லையே."

"நேர்ல பாத்தீங்க இல்ல? பாத்தாலே வாங்கினதா அர்த்தம். விதி முப்பத்திரண்டு." பிர்க்னர் கையேட்டில் முத்திரையை ஓங்கிக் குத்தினார். லீவன், புதினா வெந்நீர்க் கோப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு, என்ன நடந்தது என்றே புரியாமல் கைதட்டினார்.

பிறகு பிர்க்னர் சூப்பைக் குடித்தார். கடைசிச் சொட்டு வரை குடித்து, கிண்ணத்தை ரொட்டியால் துடைத்துத் தின்றார். கண் கலங்கியிருந்தது. குறிப்பேட்டை எடுத்து, 'சூப் சூடு' என்று எழுதிக்கொண்டார். அப்புறம் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு நவ்ராட்டிலைக் கையசைத்துப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"இன்னொரு தடவ சொல்லுங்க" என்றார் தாழ்ந்த குரலில். "பதிவுக்காக."

"மிஸ்டர் பிர்க்னர்."

"கொஞ்சம் மெதுவா."

"மிஸ்டர்... பிர்க்னர்."

அரசவை ஆலோசகர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டார்.

*

இரண்டே வாரத்தில் வாசலில் பொன்நிறப் பலகை ஏறியது. கையேட்டின் புதுப் பதிப்பில் கஃபே வொண்ட்ராக்குக்கு இரட்டை நட்சத்திரம். வெளியூர்க்காரர்கள் வறுவல் வயிற்றோடு வரிசையில் நின்றார்கள். நவ்ராட்டில் ஒவ்வொருவரையும் புன்சிரிப்போடு பேர் சொல்லிக் கூப்பிட்டு, முதுகுக்குத் தலையணை வைத்து, வேண்டியதைக் கொடுத்தார். இது எவ்வளவு பயங்கரமான அவமானம் என்று வழிகாட்டிகள் காதோடு காதாக விளக்கியதும் அவர்களுக்குப் புல்லரித்தது. உள்பக்கத்துப் பெரியவர்களில் இரண்டு பேர் மானம் போய்விடும் என்று எதிர்க் கடைக்கு மாறிப் போனார்கள். பத்தாம் நாள் திரும்பி வந்து, யாருக்கும் கேட்காத மேசையாகப் பார்த்து உட்கார்ந்து, "எனக்கும் ஒரு தடவ" என்றார்கள்.

செல்போன் உறை விற்கிறவர் வேறு இடம் பார்த்துக்கொண்டார்.

ஒரு திங்கட்கிழமை காலை ஏழு மணி. கதவு இன்னும் திறக்கவில்லை. கல்லா மேசைமேல் இரண்டு காப்பி. பக்கத்தில் தண்ணீர் டம்ளர்கள், அவற்றின்மேல் கவிழ்த்து வைத்த கரண்டிகள்.

"தலைமை சர்வரே" என்றாள் ஹெர்மினே. "ஊருக்கெல்லாம் குடுக்கறீங்க. ஒரு நாளாவது என்னை அவமானப்படுத்தணும்னு உங்களுக்குத் தோணலையா?"

நவ்ராட்டில் கோப்பையைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். வானம் நிர்மலமாக இருந்தது. மழையைப் பற்றிச் சொல்ல வழியே இல்லை. ஒரு டிராம் வந்து திரும்பிப் போனது. இன்னொன்று வந்து திரும்பிப் போனது. ஹெர்மினே சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே காத்திருந்தாள். வாழ்க்கையில் முதன்முறையாக அவர் விதிப்படி பதினோரு நிமிஷம் முழுசாக எடுத்துக்கொண்டார்.

பிறகு கல்லா மேசையைச் சுற்றி அந்தப் பக்கம் போய், அவளுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"ஹெர்மினே" என்றார். "உக்காரு. காப்பி ஆறுது."

ஹெர்மினேவின் முகம் காது வரைக்கும் சிவந்தது. உட்கார்ந்தாள். பக்கத்து நாற்காலியைக் காலால் அவர் பக்கம் நகர்த்தினாள்.

"என்ன திமிரு உனக்கு, அலோய்ஸ்" என்றாள்.